முழு உறுப்பினர் தகுதி: சுற்றுச்சூழல் பணியில் இருப்போர் விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

வளைகுடா நாடுகளில் கட்டுமானம், எண்ணெய், துறைமுகம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய துறைகளில் சுற்றுச்சூழல் அதிகாரியாகப் பணிபுரியும் சகோதரர்கள் நம் ஊர்கள் பலவற்றிலும் இருக்கிறார்கள். சிலர் அதையே படித்துவிட்டுப் போனவர்கள். வேறு சிலர் பாதுகாப்பு அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்து, நிறுவனம் கேட்டுக்கொண்டதால் சுற்றுச்சூழல் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்து, பத்து ஆண்டுகளில் அதுவே தங்கள் தொழிலாகிப் போனதைக் கண்டவர்கள். அடுத்த வேலைக்கான விளம்பரத்தைப் பார்க்கும்போது இவர்கள் எல்லோரையும் ஒரு வரி நிறுத்திவிடுகிறது. "அங்கீகரிக்கப்பட்ட சுற்றுச்சூழல் தொழில்முறை அமைப்பில் முழு உறுப்பினராக இருப்பது விரும்பத்தக்கது" என்பதே அந்த வரி.

இது எந்தப் படிப்பு, எத்தனை நாள் வகுப்பு, எவ்வளவு கட்டணம் என்ற கேள்விகள்தான் உடனே எழுகின்றன. முழு உறுப்பினர் தகுதி ஒரு படிப்பு முடித்ததற்கான சான்றிதழாக இருந்தால் இந்தக் கேள்விகள் போதும். ஆனால் அது நீங்கள் ஏற்கெனவே செய்த வேலையைப் பற்றி நீங்களே சொல்லும் சாட்சியம். சாட்சியத்தை எப்படித் திரட்டுவது, எப்படி எழுதுவது, எப்படி நேரில் நின்று சொல்வது என்பதே இங்கு விஷயம். அதை அறியாமல் விண்ணப்பிப்பவர்கள் நல்ல அனுபவம் இருந்தும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

எந்த அமைப்பு?

இத்துறையில் பல அமைப்புகள் உள்ளன. வளைகுடாவில் அதிகம் அறியப்பட்டது பிரிட்டனைச் சேர்ந்த ஐ.இ.எம்.ஏ. சுற்றுச்சூழல் மேலாண்மை, சுற்றுச்சூழல் தணிக்கை, சுற்றுச்சூழல் மதிப்பீடு ஆகிய துறைகளில் தனித்தனியே இயங்கிவந்த மூன்று அமைப்புகள் இணைந்து 1999ல் இது உருவானது. 2025ல் தன் பெயரை ஐ.எஸ்.இ.பி. என்று மாற்றிக்கொண்டது. ஆகவே பழைய விளம்பரங்களில் எம்.ஐ.இ.எம்.ஏ. என்றும், புதியவற்றில் எம்.ஐ.எஸ்.இ.பி. என்றும் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் ஒரே தகுதியைத்தான் குறிக்கின்றன. பெயர் மாறியதால் இரண்டும் வெவ்வேறு என்று குழம்ப வேண்டாம்.

நீர், கழிவுநீர் தொடர்பான பணியில் இருப்பவர்களுக்கு, 1895ல் தொடங்கிய மரபைக் கொண்ட சி.ஐ.டபிள்யூ.இ.எம். என்ற பிரிட்டன் அமைப்பு பொருத்தமாக இருக்கலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்குச் செல்ல எண்ணுவோருக்கு 1987ல் தொடங்கப்பட்ட இ.ஐ.ஏ.என்.இசட். உண்டு. விதிகளில் வேறுபாடுகள் இருந்தாலும், செய்த வேலையைச் சான்றுடன் காட்டச் சொல்வதில் இவை ஒரே வழியில்தான் செல்கின்றன. கீழே சொல்பவை ஐ.எஸ்.இ.பி.யை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டாலும் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படிநிலைகள்

மாணவர், பட்டதாரி போன்ற தொடக்க நிலைகளுக்கு மேலே மூன்று நிலைகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது 'பிராக்டிஷனர்'. சுற்றுச்சூழல் வேலையை அன்றாடம் கையால் செய்பவர், அதன் முறைகளை அறிந்தவர் என்பது இதன் பொருள். அடுத்தது முழு உறுப்பினர். வேலையைச் செய்வதோடு, ஒரு நிறுவனமோ திட்டமோ நடக்கும் விதத்தையே மாற்றக்கூடியவர் என்பது இந்த நிலை. அதற்கும் மேலே 'ஃபெலோ'. துறைக்கே வழிகாட்டியவர்களுக்கு உரியது அது.

முழு உறுப்பினராக விண்ணப்பிக்கும்போதே 'சார்ட்டர்டு என்விரான்மென்டலிஸ்ட்' என்ற பட்டயத் தகுதிக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். இதன் உரிமை சொசைட்டி ஃபார் தி என்விரான்மென்ட் என்ற அமைப்பிடம் உள்ளது. 2000ல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு 2004ல் அரச பட்டயம் பெற்றது. இந்தத் தகுதிக்கு முதுநிலைப் பட்ட அளவிலான அறிவு எதிர்பார்க்கப்படுகிறது. பட்டம் இல்லாதவர்கள் அதற்கு ஈடான அறிவைத் தங்கள் அனுபவத்தின் வழியே காட்ட வேண்டும்.

இங்கே அவசரப்படுவது நல்லதல்ல. மாதாந்திர அறிக்கை தயாரிப்பதும், கழிவு ஏற்றும் லாரிகளின் ரசீதைச் சரிபார்ப்பதும் மட்டுமே இதுவரை உங்கள் வேலையாக இருந்தால், பிராக்டிஷனர் நிலைதான் இப்போதைக்கு நேர்மையான இடம். அதில் சேர்ந்து, பொறுப்புகளைக் கேட்டு வாங்கி, சில ஆண்டுகளில் மேலே செல்லலாம். அதில் குறைவு ஏதுமில்லை.

சான்றிதழ் வேறு, உறுப்பினர் தகுதி வேறு, உரிமம் வேறு

இந்த மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால் பணத்தை இழப்பவர்கள் உண்டு. நெபோஷ் தேர்வில் வென்றவருக்கும், ஐந்து நாள் ஐ.எஸ்.ஓ. 14001 லீட் ஆடிட்டர் வகுப்பில் அமர்ந்தவருக்கும் கிடைப்பவை பயிற்சிச் சான்றிதழ்கள். அவை பயனுள்ளவைதான். விண்ணப்பத்தில் அவற்றைக் குறிப்பிடவும் வேண்டும். ஆனால் அவை எத்தனை இருந்தாலும் முழு உறுப்பினர் தகுதிக்கு ஈடாகாது. "எங்கள் வகுப்பில் சேர்ந்தால் முழு உறுப்பினர் தகுதி உறுதி" என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். அதை வழங்குவது அந்த அமைப்பின் மதிப்பீட்டாளர்கள்தான். வகுப்பு நடத்துபவர் அல்லர்.

அதேபோல, முழு உறுப்பினர் ஆனதால் அரசு உரிமம் கிடைத்துவிடாது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி கோரும் திட்டங்களுக்கான தாக்க மதிப்பீட்டு அறிக்கையை நபெட் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனமே தயாரிக்க வேண்டும். அபுதாபியில் ஆலோசனை நிறுவனங்கள் அங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்பில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நடைமுறையில் உள்ளது. உறுப்பினர் தகுதி உங்கள் திறமைக்கு மற்ற வல்லுநர்கள் தரும் சான்று. ஒரு நாட்டில் அந்த வேலையைச் செய்ய அனுமதி தருவது அந்த நாட்டின் சட்டம்.

என்ன பார்க்கிறார்கள்?

பட்டயத் தகுதிக்கு நான்கு தலைப்புகளில் சான்று கேட்கப்படுகிறது. முழு உறுப்பினர் தகுதிக்குத் தயாராவோரும் இதே நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1. சுற்றுச்சூழலைப் பற்றிய அறிவையும் புரிதலையும் நீடித்த வளர்ச்சிக்காகப் பயன்படுத்தியது.
2. சுற்றுச்சூழல் மேலாண்மையைத் தலைமையேற்று நடத்தியது.
3. பிறருடன் பேசி, எழுதி, இணங்கவைத்து வேலை செய்தது.
4. தொழில் ஒழுக்கத்திலும், சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் உரிய கடமையிலும் உறுதியாக இருந்தது.

தொழில்நுட்ப அறிவு இந்த நான்கில் ஒன்றில்தான் நேரடியாக வருகிறது. மற்ற மூன்றும் மனிதர்களோடு தொடர்புடையவை. ஐ.எஸ்.ஓ. 14001ன் விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவரும் இங்கே தடுமாறக் காரணம் இதுதான். அந்தத் தரத்தின் 6.1.2 பிரிவு சுற்றுச்சூழல் அம்சங்களைக் கண்டறியச் சொல்கிறது என்பது மதிப்பீட்டாளருக்கும் தெரியும். உங்கள் திட்டத்தில் அப்படி எதைக் கண்டறிந்தீர்கள், அதைச் சொன்னபோது யார் மறுத்தார்கள், அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதைத்தான் கேட்கிறார்கள்.

'நான்' என்று எழுதும் கூச்சம்

நம்மவர்களின் விண்ணப்பங்களில் காணும் பெரிய குறை மொழி சார்ந்ததும் பழக்கம் சார்ந்ததும் ஆகும். தன்னைப் பற்றித் தானே பேசுவது பெருமையடிப்பது என்று சிறுவயது முதல் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. ஆகவே 'நாங்கள் செய்தோம்' என்று எழுதுகிறோம். அலுவலக ஆங்கிலம் இதை இன்னும் கெடுத்துவிடுகிறது. 'செய்யப்பட்டது', 'கடைப்பிடிக்கப்பட்டது', 'உறுதி செய்யப்பட்டது' என்று யார் செய்தார் என்பதே தெரியாமல் பத்திகள் நீள்கின்றன.

இப்படி ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "எங்கள் திட்டத்தில் கழிவுநீர் மேலாண்மை சிறப்பாகச் செய்யப்பட்டது. அரசு விதிகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டன. தொழிலாளர்களுக்கு உரிய பயிற்சி அளிக்கப்பட்டது." இதில் பொய் இல்லை. ஆனால் இந்த மூன்று வரிகளையும் உலகின் எந்தக் கட்டுமானத் தளத்திலும் எந்த அதிகாரியும் எழுதலாம். மதிப்பீட்டாளர் இதற்கு மதிப்பெண் போட இடமே இல்லை.

அதே அனுபவத்தை இப்படியும் எழுதலாம்: "கான்கிரீட் லாரிகளைக் கழுவிய நீர் மழைநீர் வடிகாலை நோக்கி ஓடுவதை வாராந்திர ஆய்வில் பார்த்தேன். அதன் பி.எச். அளவை எடுத்தேன், 12க்கு மேல் இருந்தது. அந்த இடத்தில் கழுவுவதை அன்றே நிறுத்தச் சொன்னேன். தொட்டி கட்டும்வரை காத்திருக்க முடியாது என்று சைட் மேலாளர் மறுத்தார். தடித்த விரிப்பு போட்ட தற்காலிகக் குழியை உடனே அமைத்து, நிரந்தரத் தொட்டியைப் பிறகு கட்டலாம் என்று மாற்று வழி சொன்னேன், ஏற்றுக்கொண்டார். ஓட்டுநர்கள் பலருக்கு அறிவிப்புப் பலகையின் மொழி தெரியவில்லை என்பது இரண்டாம் வாரம்தான் எனக்குப் புரிந்தது. படம் வரைந்த பலகையாக மாற்றினேன். அதன் பிறகு வடிகால் வாயில் எடுத்த அளவீடுகள் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் நின்றன."

இதில் அறிவு இருக்கிறது: சிமெண்ட் கலந்த நீர் கடும் காரத்தன்மை கொண்டது, நீர்வாழ் உயிர்களைக் கொல்லக்கூடியது என்பது அவருக்குத் தெரியும். தலைமை இருக்கிறது: வேலையை நிறுத்தச் சொன்னார். பேச்சுவார்த்தை இருக்கிறது. தன் முதல் முயற்சி பயன்படவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையும் இருக்கிறது. ஒரே சம்பவத்தில் நான்கு தலைப்புகளுக்கும் சான்று கிடைத்துவிட்டது.

'நான்' என்று எழுதுவதில் பெருமை இல்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்வது சாட்சி சொல்பவரின் கடமை. செய்யாததைச் செய்தேன் என்பதுதான் குற்றம். ஆகவே குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கை மட்டும் பிரித்து எழுதுங்கள். ஆலோசகர் கணக்கிட்டார் என்றால் அப்படியே எழுதி, அந்தக் கணக்கை நீங்கள் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.

சான்றுகளை இன்றே திரட்டத் தொடங்குங்கள்

வளைகுடா வாழ்க்கையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒப்பந்தம் முடிந்ததும் அலுவலக மின்னஞ்சல் மூடப்படும். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவோம். எட்டு ஆண்டு உழைப்பும் அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். ஊருக்கு வந்து விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போது ஆண்டும் நினைவில் இருக்காது, அளவும் நினைவில் இருக்காது.

இதற்காக நிறுவனத்தின் ஆவணங்களை நகலெடுத்து எடுத்துவருவது தவறு. அவை நிறுவனத்தின் உடைமை. ரகசியம் காப்பதாகக் கையெழுத்தும் இட்டிருக்கிறோம். சரியான வழி, சொந்தக் குறிப்பேடு வைத்துக்கொள்வது. வாரத்துக்கு அரைப்பக்கம் போதும். என்ன பிரச்சினை வந்தது, நான் என்ன முடிவெடுத்தேன், ஏன், யாரிடம் பேசினேன், முடிவு என்ன ஆனது என்ற ஐந்தையும் எழுதிவையுங்கள். வாடிக்கையாளர் பெயர், விலை, ரகசிய அளவீடுகள் அதில் வேண்டாம். விண்ணப்பத்திலும் "ஒரு துறைமுக விரிவாக்கத் திட்டம்" என்று பெயர் சொல்லாமலே எழுதலாம். பயிற்சிச் சான்றிதழ்கள், பணி நியமனக் கடிதங்கள், பதவி உயர்வுக் கடிதங்கள் ஆகியவை உங்களுக்கென்று தரப்பட்டவை, அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்களின் தொடர்பையும் விட்டுவிடாதீர்கள். மேலாளரும் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். நான் இன்ன பொறுப்பில் இருந்தேன் என்று உறுதிசெய்யக்கூடிய இருவரின் சொந்த முகவரியைப் பிரியும்போதே கேட்டு வாங்கிவையுங்கள்.

நேர்காணல்

எழுத்துச் சான்று ஏற்கப்பட்டால், அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்களுடன் நேர்காணல் நடக்கும். இணையவழியிலேயே நடப்பதால் பிரிட்டனுக்குச் செல்ல வேண்டியதில்லை. இதைத் தேர்வு போல நினைத்து அஞ்ச வேண்டாம். ஒரே துறையில் இருக்கும் மூத்தவர்களுடன் நடக்கும் உரையாடல் அது. ஆனால் எழுதியதை உண்மையில் செய்தவர் நீங்கள்தானா என்பது அங்கே பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி, மிகப் பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காடு கொள்ளும்படி தடுப்புச் சுவர் கட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பரவலாக அறியப்பட்ட விதி. ஏன் 110, ஏன் 100 அல்ல என்று கேட்கலாம். உள்ளே மழைநீர் தேங்கினால் யார் வெளியேற்றுவார், வடிகால் வால்வு மூடியிருப்பதை யார் பார்ப்பார் என்று கேட்கலாம். வால்வு திறந்து கிடந்தால் அந்தச் சுவரால் ஒரு பயனும் இல்லை. தளத்தில் நின்றவருக்கு இதற்கு விடை தானாக வரும். வேறு எங்கிருந்தோ எடுத்து எழுதியவர் திணறுவார்.

'உங்கள் முயற்சி தோற்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கும் தயாராக இருங்கள். 'அப்படி எதுவும் இல்லை' என்பது மோசமான விடை. தோல்வியிலிருந்து எதை மாற்றிக்கொண்டீர்கள் என்பதில்தான் ஒருவரின் முதிர்ச்சி தெரிகிறது. ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் மூன்று நான்கு சம்பவங்களை ஒரு நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடியாத ஒன்றை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்ல முடியாது.

பிறர் எழுதித் தரும் விண்ணப்பம்

பணம் கொடுத்தால் விண்ணப்பத்தை எழுதித் தருபவர்கள் இன்று இருக்கிறார்கள். கணினிச் செயலிகளும் நொடியில் பக்கங்களை நிரப்பித் தருகின்றன. எழுத்துப் பிழை திருத்த உதவி பெறுவதில் குற்றமில்லை. செய்யாத வேலையை எழுதவைப்பது, நண்பரின் சம்பவத்தைத் தன்னுடையதாகச் சொல்வது ஆகியவை உறுப்பினர்கள் ஏற்கும் நடத்தை விதிகளுக்கே எதிரானவை. பின்னாளில் தெரியவந்தால் தகுதியும் போகும், பெயரும் போகும்.

இதில் நம் ஒருவரின் வேலைவாய்ப்பை விடப் பெரியது ஒன்றும் அடங்கியிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே காமராஜர் துறைமுகத்தையொட்டி இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. கரையொதுங்கிய கரிய எண்ணெயை மனிதர்கள் வாளிகளால் அள்ளிக் கொட்டியதை நாடே பார்த்தது. அதன் விளைவைச் சுமந்தவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள். இப்படிப்பட்ட நேரங்களில் எவ்வளவு கசிந்தது, எதுவரை பரவியது, என்ன செய்ய வேண்டும் என்று துணிந்து உண்மையைச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். தன் விண்ணப்பத்திலேயே பொய் எழுதியவர் அந்த நாளில் உண்மை எழுதுவார் என்று யாரால் நம்ப முடியும்? பெயருக்குப் பின்னால் வரும் அந்த எழுத்துகள் ஓர் அமானிதம்.

தகுதி கிடைத்த பிறகு

ஆண்டுச் சந்தா செலுத்த வேண்டும். தொடர்ந்து கற்றுவருவதற்கான பதிவையும் வைத்திருக்க வேண்டும். அமைப்பு அதைக் கேட்டுப் பார்க்கலாம். சந்தா நின்று உறுப்பினர் நிலை முடிந்துவிட்டால், சி.வி.யிலிருந்து அந்த எழுத்துகளை எடுத்துவிட வேண்டும். வேலை தருபவர்கள் உறுப்பினர் நிலையைச் சரிபார்க்க முடியும். கட்டணமும் படிவமும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்று அமைப்பின் சொந்த அறிவிப்பைப் படித்துவிட்டே பணம் செலுத்துங்கள்.

விண்ணப்பிக்கத் தீர்மானித்தவர் முதலில் செய்ய வேண்டியது, படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுப்பது. 'நான் இல்லாவிட்டால் நடந்திருக்காத நல்ல மாற்றங்கள்' என்று தலைப்பிட்டு, நினைவுக்கு வருவதைத் தமிழிலேயே எழுதுங்கள். நான்கு ஐந்து உண்மைச் சம்பவங்கள் வந்தால் நீங்கள் தயார். ஒன்றிரண்டுதான் வந்தால், இன்னும் இரண்டு ஆண்டுகளில் எங்கே உழைக்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.